ஆஸ்டெரிஸ்க் ஆபீஸ் போன் மக்கர் பண்ணுதா? கேஎல், பினாங்கு பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கவுண்ட்ஸ் ஆபீஸ், ஜார்ஜ்டவுன் கிளினிக், பிறையில ஃபேக்டரி, எங்க போனாலும் கேக்குற கேள்வி ஒரே செட்தான், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டாச்சு. உங்ககிட்ட டெபியன் லினக்ஸ் சர்வர், அதுல ஆஸ்டெரிஸ்க் (சர்வரையே ஆபீஸ் போன் எக்ஸ்சேஞ்ச் ஆக்குற சாஃப்ட்வேர்) 20 இல்ல 22, மேல ஃப்ரீபிபிஎக்ஸ் (அத வெப் பேஜ்லருந்து ஓட்ட உதவுறது) இருந்தாலும் இல்லாட்டியும் சரி, வெளி லைன் ஃபைபர் வழியா வர்ற சிப் டிரங்க் (இன்டர்நெட் வழியா வர்ற போன் லைன்), மேஜைல யீலிங்க் கிராண்ட்ஸ்ட்ரீம் மாதிரி போன், இப்டித்தான் இருக்கும்னு வச்சு எழுதியிருக்கு.

போன் வேலை செய்யல. ரீஸ்டார்ட் பண்ணிரட்டுமா?

கொஞ்சம் பொறுங்க. ரீஸ்டார்ட் பண்ணா பத்துல அஞ்சு தடவ சரியாயிடும், ஆனா ஏன் போச்சுன்னு தெரியாமலே போயிடும், அடுத்த வாரம் திங்கக்கிழமை காலைல பாஸ் முன்னாடி திரும்ப அதே கதை.

முதல்ல சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்ல ஆஸ்டெரிஸ்க் ஓடுதான்னு பாருங்க. ஓடுதுன்னா அதோட கமாண்ட் அடிக்கிற கன்சோலுக்குள்ள போங்க (ஆஸ்டெரிஸ்க் கமாண்டுக்கு மைனஸ் ஆர், பின்னாடி நாலஞ்சு வி). உள்ள போய் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்க (பிஜேசிப்ங்கிறது ஆஸ்டெரிஸ்க்ல சிப் பேசுற பகுதி, எண்ட்பாயிண்ட்னா அதுல சேர்ற ஒவ்வொரு போனும் டிரங்கும்). "பிஜேசிப் ஷோ எண்ட்பாயிண்ட்ஸ்" போட்டா மேஜை போன் எல்லாம் ரிஜிஸ்டர் ஆயிருக்கா தெரியும், "பிஜேசிப் ஷோ ரிஜிஸ்ட்ரேஷன்ஸ்" போட்டா நம்ம சர்வர் டிரங்க் கம்பெனிகிட்ட ரிஜிஸ்டர் ஆயிருக்கா தெரியும். முதல்ல சொன்னது போச்சுன்னா பிரச்சன ஆபீசுக்குள்ள, ரெண்டாவது போச்சுன்னா வெளிய. பாதி வேலை இங்கயே முடிஞ்சுரும். அப்பறம் வார் லாக் ஆஸ்டெரிஸ்க் ஃபோல்டர்ல "ஃபுல்"னு (ஃப்ரீபிபிஎக்ஸ் இல்லாட்டி "மெசேஜஸ்"னு) ஒரு ஃபைல் இருக்கும், பிரச்சன நடந்த நேரத்த வச்சு அதுல தேடுங்க. இவ்ளோவும் பாத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, யாரும் வேணாம்னு சொல்லல.

போன் அடிக்குது, எடுத்தா அவங்க பேசுறது கேக்குது, நம்ம பேசுறது அவங்களுக்குக் கேக்கல. சில நேரம் தலைகீழா. ஏன் அண்ணே?

இதுதான் எல்லாத்துக்கும் அப்பன் கேள்வி, கொஞ்சம் நிதானமா படிங்க.

போன் அடிக்க வைக்கிறது ஒரு வேலை, குரல் கொண்டு போறது வேற வேலை. அடிக்க வைக்கிறது சிப், அது வழக்கமா 5060 போர்ட்ல போகும். குரல் போறது ஆர்டிபி, அது 10000லருந்து 20000 வரைக்கும் இருக்குற போர்ட்ல எதையாச்சும் பிடிச்சுட்டுப் போகும். பத்திரிக்கை தபால்ல வருது, மாப்பிள்ளை கார்ல வர்றாரு, பத்திரிக்கை வந்து சேந்துருச்சுங்கிறதுக்காக மாப்பிள்ளையும் வந்துட்டாருன்னு அர்த்தம் இல்ல. அதனால "போன்தான் அடிக்குதே, நெட்வொர்க் ஓகே லா"ன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

எங்க தப்பாகுதுன்னா, சிப் மெசேஜுக்குள்ளயே "எனக்கு குரல இந்த அட்ரசுக்கு அனுப்பு"ன்னு ஒரு வரி இருக்கு. கன்சோல்ல "பிஜேசிப் செட் லாகர் ஆன்" போட்டுட்டு ஒரு கால் பண்ணுங்க, மெசேஜ் கடகடன்னு ஓடும், அதுல "சி=" னு ஆரம்பிக்கிற வரிய மட்டும் தேடுங்க. டிரங்க் கம்பெனிக்கு நீங்க அனுப்புற மெசேஜ்ல அந்த வரியில 192.168ன்னு ஆரம்பிக்கிற அட்ரஸ் இருந்துச்சுன்னா வியாதி பிடிபட்டுருச்சு. 192.168, 10, அப்பறம் 172.16லருந்து 172.31 வரைக்கும், இதெல்லாம் வீட்டுக்குள்ள மட்டும் செல்லுபடியாகுற அட்ரஸ். வெளிய இருக்குறவன் அந்த அட்ரசுக்கு குரல அனுப்பினா அது எங்கயும் போய்ச் சேராது.

சரி பண்றது எப்டின்னா, பிஜேசிப் கான்ஃபிக்ல டிரான்ஸ்போர்ட் பகுதியில எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ், எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ் ரெண்டுலயும் உங்க பப்ளிக் ஐபி போடுங்க, லோக்கல் நெட்ல ஆபீஸ் நெட்வொர்க் போடுங்க. எண்ட்பாயிண்ட் பகுதியில டைரக்ட் மீடியாவ நோ ஆக்குங்க, ஆர்டிபி சிமெட்ரிக், ஃபோர்ஸ் ஆர்போர்ட், ரீரைட் கான்டாக்ட் மூணையும் எஸ் ஆக்குங்க (ரீரைட் கான்டாக்ட் முக்கியமா வெளிய வீட்டுலருந்து ரிஜிஸ்டர் ஆகுற போனுக்கு). இங்க நெறைய பேர் மாட்டுறது எங்கன்னா டிரான்ஸ்போர்ட் பகுதிய மாத்திட்டு வெறும் ரீலோட் பண்ணுவாங்க, ஒண்ணும் மாறாது, "நீங்க சொன்னத செஞ்சேன் அண்ணே வேலைக்காகல"ன்னு மெசேஜ் வரும். டிரான்ஸ்போர்ட் மாத்தினா ஆஸ்டெரிஸ்க்கையே முழுசா ரீஸ்டார்ட் பண்ணணும், ரீலோட் பத்தாது.

அப்பறமும் வரலன்னா "ஆர்டிபி செட் டிபக் ஆன்" போடுங்க. "சென்ட்"னு ஆரம்பிக்கிற வரி நாம அனுப்புறது, "காட்"னு ஆரம்பிக்கிற வரி நமக்கு வர்றது. சென்ட் மட்டும் வரிசையா ஓடி காட் ஒண்ணுகூட வரலன்னா ஃபயர்வால் இல்ல ரூட்டர்ல அந்த 10000–20000 ரேஞ்ச் அடைபட்டிருக்கு, யூடிபி (குரல் போற வகை) திறக்கணும், டிசிபி திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தா பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு, ரூட்டர் மேல ரூட்டர். ஃபைபர் போட்டவங்க குடுத்த ரூட்டர் ஒண்ணு, ஐடி பையன் வாங்கி வச்சது ஒண்ணு, ரெண்டுமே நாட் பண்ணும் (உள் அட்ரஸ வெளி அட்ரசா மாத்தும்). உள்ளருக்கிற ரூட்டர்ல போர்ட் திறந்துட்டு வெளிய இருக்குறத மறந்துருவாங்க. முடிஞ்சா முதல் ரூட்டர பிரிட்ஜ் மோட்ல (நாட் பண்ணாம அப்டியே கடத்துறது) போட்டுருங்க.

சிப் ஏஎல்ஜின்னு ரூட்டர்ல ஒரு டிக் இருக்கு, அது என்ன?

ஆஃப் பண்ணுங்க. உதவி பண்றேன்னு சிப் மெசேஜுக்குள்ள கைய விட்டு அட்ரஸ மாத்தும், பல ரூட்டர்ல அத அரைகுறையாத்தான் செய்யும். மேல சொன்னத எல்லாம் ஒழுங்கா போட்டாச்சுன்னா அந்த உதவி தேவையே இல்ல.

போன்ல பேசிட்டே இருக்கும்போது அரை நிமிஷத்துல கட் ஆகுது. எப்பவும் அதே நேரம்.

வாட்ச வச்சுப் பாருங்க, 32 செகண்ட் இருக்கும். நீங்க போன எடுத்ததும் உங்க சர்வர் "எடுத்தாச்சு"ன்னு 200 ஓகே அனுப்பும், அந்தப் பக்கம் "கிடைச்சுது"ன்னு ஆக் அனுப்பணும். ஆக் வரலன்னா சர்வர் 200 ஓகேய திரும்பத் திரும்ப அனுப்பிப் பாக்கும், சிப் விதிப்படி அரை செகண்டோட 64 மடங்கு வரைக்கும் காத்திருந்துட்டு, அதாவது 32 செகண்ட், கால கட் பண்ணிரும். ஆக் ஏன் வரலன்னா மறுபடியும் அதே பிரைவேட் அட்ரஸ்தான், இந்தத் தடவ சிப் மெசேஜோட கான்டாக்ட் வரியில (பதில் அனுப்ப வேண்டிய அட்ரஸ்) உக்காந்திருக்கும். எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ் சரியா போட்டா போயிடும்.

கட் ஆகுறது 15 நிமிஷத்துலன்னா அது வேற. அது செஷன் டைமர், 1800 செகண்ட்ல பாதி ஆனதும் "இன்னும் லைன்ல இருக்கியா"ன்னு ஒரு மெசேஜ் போகும், அது வழியில காணாமப் போனா கால் போச்சு. எண்ட்பாயிண்ட்ல டைமர்ஸ் நோ போட்டு ஒரு நாள் பாருங்க, நின்னுடுச்சுன்னா அதுதான்.

வெளிய கூப்பிட முடியுது, ஆனா கஸ்டமர் கூப்பிட்டா உள்ள வரல.

மூணு காரணம், அடிக்கடி வர்ற வரிசையில சொல்றேன்.

ஒண்ணு, நம்பர் எழுதுற விதம். நீங்க இன்பவுண்ட் ரூட்ல (உள்ள வர்ற கால எங்க அனுப்பணும்ங்கிற விதி) 04ன்னு ஆரம்பிச்சு நம்பர் போட்டு வச்சிருப்பீங்க, டிரங்க் கம்பெனி 604ன்னு அனுப்பும், இல்ல முன்னாடி பிளஸ் போட்டு அனுப்பும். லாக்ல "எக்ஸ்டென்ஷன் நாட் ஃபவுண்ட் இன் கான்டெக்ஸ்ட்"னு வரும், பக்கத்துலயே அவங்க எந்த வடிவத்துல அனுப்பினாங்கன்னு அச்சு அசலா இருக்கும், அத அப்டியே காப்பி பண்ணி இன்பவுண்ட் ரூட்ல போடுங்க.

ரெண்டு, "நோ மேட்சிங் எண்ட்பாயிண்ட் ஃபவுண்ட்"னு வந்தா, கால் வர்ற ஐபி உங்க ஐடென்டிஃபை லிஸ்ட்ல (எந்த ஐபி எந்த டிரங்க்னு சொல்றது) இல்ல. பெரிய டிரங்க் கம்பெனிக்கு பல ஐபி இருக்கும், சொல்லாமலே புதுசு சேப்பாங்க. முழு லிஸ்ட்டயும் கேட்டு வாங்கிப் போடுங்க.

மூணு, காலைல வருது மத்தியானம் வரல, நீங்க ஒரு கால் வெளிய போட்டதும் திரும்ப வர ஆரம்பிக்குதுன்னா ரூட்டர் அந்த யூடிபி ஓட்டைய மூடிடுது. பிஜேசிப் கான்ஃபிக்ல ஏஓஆர்ங்கிற பகுதியில குவாலிஃபை ஃப்ரீக்வன்சி 25, 30 செகண்ட்னு வைங்க, அது அப்பப்போ ஒரு ஆப்ஷன்ஸ் மெசேஜ் அனுப்பி வழிய திறந்தே வச்சிருக்கும். ரூட்டரோட வான் ஐபி (வெளிப்பக்க அட்ரஸ்) 100.64லருந்து 100.127 வரைக்கும் இருந்துச்சுன்னா உங்களுக்குன்னு பப்ளிக் ஐபியே இல்ல, நெட் கம்பெனி மேலயே இன்னொரு நாட் போட்டிருக்கு, போர்ட் ஃபார்வர்ட் எவ்ளோ பண்ணாலும் ஆகாது, ஸ்டாட்டிக் ஐபி பிளான் கேளுங்க இல்ல சர்வர கிளவுட்ல வைங்க.

லாக்ல 401 401னு வருது. பாஸ்வேர்ட் தப்பா?

ஒரு தடவ வந்தா தப்பில்ல, அதுதான் முறை. முதல்ல சர்வர் "யாரு நீ"ன்னு 401 குடுக்கும், போன் பாஸ்வேர்ட வச்சு திரும்ப அனுப்பும், 200 வரும். 401க்குப் பின்னாடி திரும்பவும் 401ஆ வந்துட்டே இருந்தா இல்ல 403 வந்தாத்தான் யூசர் நேம், பாஸ்வேர்ட் பாக்கணும்.

ஐவிஆர்ல "தமிழுக்கு 3"ன்னு சொல்லுது, 3 அழுத்தினா ஒண்ணும் நடக்கல.

டிடிஎம்எஃப் மோட் (அழுத்துற நம்பர அனுப்புற விதம்) ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்ல. ஆஸ்டெரிஸ்க்ல வழக்கமா ஆர்எஃப்சி 4733, டிரங்க் கம்பெனியும் அதத்தான் பெரும்பாலும் எதிர்பாக்கும், பழைய போன்லயும் ஏடிஏ (சாதா போன சிப்புக்கு மாட்டுற) பெட்டியிலயும் பேருல 2833ன்னு போட்டிருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்னு எடுத்துக்கங்க. லாகர் கான்ஃபிக்ல டிடிஎம்எஃப்னு சேத்துட்டு கன்சோல பாத்தா எந்த நம்பர் வந்து சேருதுன்னு நேரடியா தெரியும். 3 அழுத்தினா 33ன்னு வந்துச்சுன்னா குரலோடவும் போகுது தனியாவும் போகுது, ஒண்ண நிறுத்துங்க.

அக்கா ஒருத்தங்க அழகா வணக்கம் சொல்லி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தாங்க, அத போட்டா சத்தமே இல்ல.

வாட்சப்ல வந்த ஃபைல அப்டியே தூக்கிப் போட்டிருப்பீங்க. எம்4ஏ, ஸ்டீரியோ, 44100 ஹெர்ட்ஸ், இதெல்லாம் ஆஸ்டெரிஸ்க்குக்கு ஆகாது. எஃப்எஃப்எம்பெக் வச்சு 8000 ஹெர்ட்ஸ், மோனோ, 16 பிட் வேவ் ஆக்குங்க. ஃபைல் ஓனர் ஆஸ்டெரிஸ்க் யூசரா இருக்கணும், ரூட் யூசரா இருந்தா படிக்க முடியாம போகலாம். டயல்பிளான்ல (கால் எங்க போகணும்னு எழுதுற இடம்) பேர் எழுதும்போது கடைசில டாட் வேவ் போடாதீங்க, போட்டா "டஸ் நாட் எக்சிஸ்ட் இன் எனி ஃபார்மட்"னு லாக்ல திட்டும்.

காலைல 9 மணிக்கே "ஆபீஸ் மூடியாச்சு"ன்னு சொல்லுது.

கிளவுட் சர்வர் யூடிசில (உலகப் பொது நேரம்) ஓடுது, நமக்கும் அதுக்கும் 8 மணி நேரம். டைம்டேட்சிடிஎல்ல ஏசியா கோலாலம்பூர்னு வச்சுட்டு ஆஸ்டெரிஸ்க்க ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஓடிட்டிருக்கிற புரோகிராம் பழைய மண்டலத்தையே பிடிச்சிட்டிருக்கும். ஃப்ரீபிபிஎக்ஸ்ல தனியா ஒரு டைம்சோன் செட்டிங் இருக்கு, அதையும் பாருங்க. அப்டியே வெள்ளிக்கிழமை லஞ்ச் தனி டைம் குரூப்பா போட்டுருங்க, தொழுகைக்குப் போறவங்க இருக்குற ஆபீஸ்ல மத்த நாள் மாதிரி 2 மணிக்கு ரிசெப்ஷன் அடிச்சா எடுக்க ஆள் இருக்காது. தைப்பூசம், தீபாவளி, ஹரிராயா தேதியெல்லாம் வருஷா வருஷம் மாறும், ஜனவரில ஒரு தடவ உக்காந்து போட்டுருங்க.

அப்கிரேட் பண்ணோம், ஒரு போன்கூட ரிஜிஸ்டர் ஆகல.

பழைய சேன் சிப் டிரைவர்ல ஓட்டிட்டிருந்தீங்களா? 2023ல வந்த ஆஸ்டெரிஸ்க் 21லருந்து அத எடுத்துட்டாங்க, 17லயே இது போகப்போகுதுன்னு சொல்லியாச்சு. சிப் கான்ஃபிக் ஃபைல் அங்கயே கிடக்கும், ஆனா யாரும் படிக்க மாட்டாங்க. பிஜேசிப்புக்கு மாத்தணும், மாத்தித் தர ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் சோர்ஸ் கூடவே வருது, முக்கால்வாசி வேலைய அது பாக்கும், மீதிய கையால பாருங்க. நீண்ட நாள் சப்போர்ட் வேணும்னா 20, 22னு போங்க, 21ல நிக்காதீங்க. ஃப்ரீபிபிஎக்ஸ் பழைய டிஸ்ட்ரோ வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: அதுக்கு அடிப்படையான சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ஓட ஆதரவு முடிஞ்சுருச்சு, ஃப்ரீபிபிஎக்ஸ் 17 டெபியன் 12ல ஓடுது, புதுசா ஒரு சர்வர் எழுப்பி பேக்கப்ப அதுல இறக்குறதுதான் நிம்மதி.

லாங் வீக்கெண்ட் முடிஞ்சு வந்து பாத்தா வெளிநாட்டுக் கால் பில் ஆயிரக்கணக்குல. யாரு பேசினது?

உங்க ஆபீஸ்ல யாரும் பேசல. 5060 போர்ட்ட உலகத்துக்கே திறந்து வச்சா ஸ்கேனர் வந்து தட்டிட்டே இருக்கும், எக்ஸ்டென்ஷன் 101, பாஸ்வேர்ட் 101னு இருந்தா முடிஞ்சுது கதை. லீவு நாளா பாத்து ராத்திரில அடிப்பாங்க, ஆபீஸ்ல ஆள் இருக்காது, அவங்களுக்கு கமிஷன் வர்ற வெளிநாட்டு நம்பருக்கு உங்க லைன்லருந்து கால் ஓடிட்டே இருக்கும். பில்ல கட்டுங்கன்னுதான் டிரங்க் கம்பெனி சொல்லும், கேட்டுப் பாக்கலாம், ஆனா ரொம்ப நம்பிக்க வைக்காதீங்க.

செய்ய வேண்டியது: 5060ஐ டிரங்க் கம்பெனி ஐபிக்கு மட்டும் திறங்க. வீட்டுலருந்து வேலை பாக்குறவங்கள வயர்கார்ட் விபிஎன் வழியா உள்ள கூப்பிடுங்க. பாஸ்வேர்ட் நீளமா, மனுஷனுக்கு ஞாபகம் இருக்காத மாதிரி வைங்க, போன்ல ஒரு தடவ போடப்போறதுதானே. 00ல ஆரம்பிக்கிற நம்பர தனி கான்டெக்ஸ்ட்ல (டயல்பிளான்ல ஒரு தனிப் பகுதி) வச்சு யாருக்கு நெசமா வேணுமோ அவங்களுக்கு மட்டும் குடுங்க, அதுவும் பின் கேட்டு. சும்மா எல்லா நம்பரையும் பிடிக்கிற மாதிரி ஒரே பேட்டர்ன் எழுதி வைக்காதீங்க. டிரங்க் கம்பெனிகிட்ட மாசத்துக்கு இவ்ளோ ரிங்கிட்டுக்கு மேல போனா நிறுத்துன்னு லிமிட் வைக்கச் சொல்லுங்க, இது ஒண்ணு மட்டும் செஞ்சாக்கூட ராத்திரி தூக்கம் வரும்.

ஃபெயில்2பேன் (தப்பான பாஸ்வேர்ட் வச்சு தட்டுற ஐபிய பூட்டுற புரோகிராம்) போடுங்க, நல்லதுதான், ஆனா கிளவுட் சர்வர் வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க. பாஸ்வேர்ட் மாத்தும்போது ஒரு மூலையில இருக்குற போன விட்டுட்டா அது பழைய பாஸ்வேர்ட வச்சு தட்டிட்டே இருக்கும், ஃபெயில்2பேன் அந்த ஐபிய பூட்டும், ஆபீஸ்ல எல்லா போனும் வெளிய போறது அதே ஐபிலதான், மொத்த ஆபீசும் செத்துரும். ஒரு கிளினிக்ல ஸ்டோர் ரூம்ல அட்டைப்பெட்டிக்குப் பின்னாடி இருந்த போன் ஒண்ணு இந்த வேலைய பாத்துச்சு. ஆபீஸ் ஐபிய இக்னோர் லிஸ்ட்ல போட்டு வைங்க.

திடீர்னு ரெக்கார்டிங் நின்னுருச்சு, வெப் பேஜும் திறக்கல.

டிஎஃப் மைனஸ் எச் போட்டுப் பாருங்க, டிஸ்க் 100 சதவீதம் நெறைஞ்சிருக்குன்னு காட்டும். சாதா வேவ் ரெக்கார்டிங் ஒரு செகண்டுக்கு 16,000 பைட், ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 58 எம்பி. அஞ்சு பேர் தினம் நாலு மணி நேரம் பேசினா ஒரு நாளைக்கு 1 ஜிபிக்கு மேல. ஜிஎஸ்எம் வகை வேவ் வச்சா பத்துல ஒரு பங்குதான் ஆகும், குரல் கொஞ்சம் மங்கும், சண்டை வந்தா யார் என்ன சொன்னாங்கன்னு கேக்க அது போதும். பழைய ஃபைல அழிச்சும் இடம் வரலன்னா, அழிச்சது ஓடிட்டிருக்கிற லாக்கா இருக்கும், கன்சோல்ல "லாகர் ரீலோட்" போடுங்க. ரெக்கார்ட் பண்றீங்கன்னா கூப்பிடுறவங்களுக்கு ஆரம்பத்துலயே சொல்லிருங்க, 2010 தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டம் நம்ம நாட்டுல இருக்கு.

குரல் வெட்டி வெட்டி வருது. நெட் ஸ்பீட் ஏத்தணுமா?

அநேகமா வேணாம். ஆலா கோடெக்ல (கோடெக்னா குரல டேட்டாவா மாத்துற முறை) ஒரு கால் ஒரு பக்கத்துக்கு 87 கேபிபிஎஸ்தான், பத்து கால் சேத்தாலும் 1 எம்பிபிஎஸ் ஆகாது, 100 எம்பிபிஎஸ் ஃபைபர்ல அது ஒரு மூலை. யாரோ கூகுள் டிரைவ்ல வீடியோ ஏத்துறாங்களா பாருங்க, அப்லோட் நெறைஞ்சா குரல் பாக்கெட் கியூல நிக்கும். ரூட்டர்ல வாய்சுக்கு முன்னுரிமை குடுங்க. லேப்டாப் சாஃப்ட்போன் வைஃபைல இருந்தா ஒரு தடவ கேபிள் சொருகிப் பேசிப் பாருங்க, பாதி கேஸ் அங்கயே முடியும். கோடெக் லிஸ்ட்ல எல்லாத்தையும் டிசல்லவ் பண்ணிட்டு ஆலாவ முதல்ல வைங்க, நம்ம ஊர் லைன் ஆலாதான். ஏழெட்டு கோடெக் போட்டு வச்சா இன்வைட் மெசேஜ் (கால ஆரம்பிக்கிற சிப் மெசேஜ்) பெருசாகி, பிபிபிஓஇ லைன்ல (யூசர் நேம், பாஸ்வேர்ட் போட்டு சேர்ற நெட் லைன்) 1492 பைட்ட தாண்டிப் போய், பாக்கெட் ரெண்டா ஒடைஞ்சு வழியில காணாமப் போகும், அப்போ கால் போகவே போகாது, லாக்ல ஒரு எர்ரரும் இருக்காது.

இன்னும் காப்பர் லைன்தான் அண்ணே. கட் பண்ணினாலும் லைன் பிசின்னே இருக்கு.

அந்தப் பக்கம் வச்சுட்டது எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு (காப்பர் லைன் சொருகுற இடம்) தெரியல. இண்டிகேஷன்ஸ்ல நாடு மலேசியான்னு வைங்க, பிசி டிடெக்ட் (லைன் பிசி டோன கண்டுபிடிக்கிறது) ஆன் பண்ணுங்க. இடி இடிக்கிற சாயங்காலம் போர்ட் போறதுக்கு சர்ஜ் புரொடெக்டர் போடலாம், ஆனா டிரங்குக்கு மாறிருங்கன்னுதான் சொல்வேன்.

உங்ககிட்ட உதவி கேட்டா என்ன அனுப்பணும்?

"போன் வேலை செய்யல"ன்னு வாய்ஸ் மெசேஜ் வேணாம். எந்த நம்பர்லருந்து எந்த நம்பருக்கு, எத்தன மணிக்கு, எத்தனாவது செகண்ட்ல என்ன ஆச்சுன்னு எழுதுங்க. எஸ்என்ஜிரெப் இன்ஸ்டால் பண்ணி அந்த ஒரு கால மட்டும் பிசிஏபி ஃபைலா சேவ் பண்ணி அனுப்புங்க, அதுல அம்புக்குறி போட்டு எந்த மெசேஜ் யாருகிட்டருந்து யாருக்குப் போச்சுன்னு படமா தெரியும், ஆக் வரலன்னா ஒரே பார்வைல கண்ணுல படும். கான்ஃபிக் அனுப்பினா பாஸ்வேர்ட அழிச்சுட்டு அனுப்புங்க. எந்த ரூட்டர், அதுக்கு மேல இன்னொரு ரூட்டர் இருக்கா, அதையும் சொல்லுங்க, நான் முதல்ல கேக்கப்போறது அதுதான்.